பொதிகளின் பேரேடும் வினா மொழியும்

திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே அமைந்துள்ள கழக்கூட்டம், 1962-இல் நிறுவப்பெற்ற சைனிக் பள்ளியினால் நெடுங்காலம் அறியப்பட்ட ஊராகும். 1990-இல் அங்கே 'டெக்னோபார்க்' என்னும் தொழில்நுட்பப் பூங்கா தோன்றிய பின்னர், மென்பொருள் தொழிலுடன் இணைத்தே அவ்வூர் பேசப்படலாயிற்று. அதனை அடுத்த காரியவட்டத்தில், கட்டற்ற மென்பொருளை வளர்ப்பதற்கெனக் கேரள அரசு அமைத்த ஐ.சி.ஃபாஸ் மையம் பணியாற்றி வருகிறது. அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகள் கணினி வசதி பெற்றுள்ளன. உபுண்டுவை அடியொற்றி அமைக்கப்பட்ட லினக்ஸ் பதிப்பே பள்ளிக் கணினிகளுக்கெனத் தயாரிக்கப்படுகிறது.

கணினிகள் இவ்வளவு பெருகியபின் ஒரு கேள்வி தவிர்க்க இயலாததாகிறது. ஒவ்வொரு கணினியிலும் எந்தெந்த மென்பொருட் பொதிகள், எந்தெந்தப் பதிப்பில் உள்ளன? இக்கேள்விக்கு விரைவில் விடை கூறவல்ல ஓர் எளிய சர்வரை அமைக்கும் முறையே இங்கு விளக்கப்படுகிறது.

கேள்வியின் அவசரம்

2024-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள், ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் ஓர் அபாயச் செய்தியை வெளியிட்டார். கோப்புகளைச் சுருக்குவதற்குப் பயன்படும் 'எக்ஸ்.இசட்.' என்னும் பொதியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், அந்நியர் கணினியினுள் நுழைவதற்கான இரகசிய வழியொன்று புகுத்தப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து கணினியினுள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகப் பிடித்ததைக் கவனித்தே அவர் இதனைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான நிலைப்பதிப்புகளை அது எட்டுமுன்னரே தடுக்கப்பட்டது. ஆயினும் அன்று உலகெங்கும் கணினிகளைப் பராமரிப்போர் அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றே: "இப்பதிப்பு இங்கே உள்ளதா?" ஒரு மணி நேரத்தில் விடை கண்டவர் நிம்மதியடைந்தனர், கணினிதோறும் சென்று பார்க்க வேண்டியிருந்தவர் அல்லலுற்றனர்.

ஏற்கெனவே உள்ள பேரேடு

பள்ளிகளில் தளவாடங்களுக்கு இருப்புப் பதிவேடு உண்டு. ஆண்டுதோறும் அது சரிபார்க்கப்படுவதை ஆசிரியர்கள் அறிவர். டெபியன், உபுண்டு வகைக் கணினிகளிலும் இத்தகைய பதிவேடு ஒன்று தானாகவே எழுதப்பட்டு வருகிறது. பொதிகளை நிறுவுகின்ற 'டிபிகேஜி' என்னும் கருவி, 'ஸ்டேட்டஸ்' என்ற பெயருடைய சாதாரண எழுத்துக் கோப்பில் பொதி ஒன்றுக்கு ஒரு குறிப்பு வீதம் பதிந்து வைக்கிறது. பொதியின் பெயர், அதன் நிலை, பதிப்பெண், அது சார்ந்திருக்கும் பிற பொதிகள் முதலிய விவரங்கள் ஒவ்வொரு குறிப்பிலும் அடங்கும். குறிப்புகளுக்கு இடையே ஒரு வெற்று வரி உண்டு.

எனவே தகவலுக்குக் குறைவில்லை. அதனைக் கேட்டறியும் வசதிதான் குறைவு. ஒரு சொல்லைத் தேடுவது எளிது. ஆனால், "குறித்த ஒரு பொதியைச் சார்ந்துள்ள பிற பொதிகள் யாவை? அவற்றுள் பழைய பதிப்பில் இருப்பவை எவை?" என்று கேட்டால் வெறும் சொல் தேடல் பயன்படாது.

அட்டவணையாக்குதல்

1970-இல் இ. எஃப். காட் என்னும் அறிஞர், தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் கொள்கையை வெளியிட்டார். அவர் பணியாற்றிய ஐ.பி.எம். நிறுவனத்திலேயே சேம்பர்லின், பாய்ஸ் ஆகிய இருவர் 1974-இல் அவ்வட்டவணைகளை வினவுதற்குரிய மொழியொன்றை அறிவித்தனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது. எந்தப் பத்திகள் வேண்டும், எந்த அட்டவணையிலிருந்து வேண்டும், எந்த நிபந்தனையின்பேரில் வேண்டும் என்ற மூன்றையும் கூறினால் போதும். தேடும் வழியை இயந்திரமே வகுத்துக்கொள்ளும்.

சர்வரை அமைப்போர் முதலில் ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்து இரண்டு அட்டவணைகளை உண்டாக்க வேண்டும். முதலாவது, பொதிகளின் அட்டவணை. இரண்டாவது, சார்புகளின் அட்டவணை. ஒரு பொதி பத்துப் பொதிகளைச் சார்ந்திருப்பின், அப்பத்தையும் ஒரே கட்டத்தில் அடைக்காமல் பத்து வரிசைகளாகப் பிரித்தெழுதுவது இன்றியமையாதது. அப்பொழுதுதான் இரு அட்டவணைகளையும் இணைத்து வினவ இயலும்.

இவற்றை வைத்துக்கொள்ள, ரிச்சர்டு ஹிப் என்பவர் 2000-இல் வெளியிட்ட 'எஸ்கியூலைட்' போதுமானது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஸ்டேட்டஸ் கோப்பு மாறிய நேரத்தைக் கவனித்து, மாறியிருந்தால் மட்டும் அட்டவணைகளைப் புதுப்பித்தல் நலம்.

கவனிக்க வேண்டிய தவறுகள்

முதலாவது, நீக்கப்பட்ட பொதிகளும் பேரேட்டில் தங்கியிருக்கக்கூடும். பொதி அகன்ற பின்னும் அதன் அமைப்புக் கோப்புகள் எஞ்சியிருப்பின் குறிப்பு அழிவதில்லை. ஆகவே நிலைப் பத்தியைச் சோதிக்காமல் எண்ணினால் கணக்குப் பிழையாகும்.

இரண்டாவது, பதிப்பெண்ணை வெறும் எழுத்தாகக் கருதி ஒப்பிட்டால், 1.10 என்பது 1.9-க்கு முந்தியதாகத் தோன்றும். 1.10-இன் புள்ளிக்குப் பின்வரும் முதல் இலக்கமாகிய 1, 9-ஐவிடச் சிறியது என்பதே காரணம். டெபியன் முறையோ புள்ளிகளுக்கு இடைப்பட்ட எண்களை எண்களாகவே ஒப்பிடுகிறது. இவ்விதியை நிரலில் எழுதி, எஸ்கியூலைட்டுக்குத் தனி ஒப்பீட்டு முறையாக அறிமுகப்படுத்த வசதி உண்டு.

மூன்றாவது, எண்ணை மட்டும் நம்புதலும் தவறு. மேற்கூறிய எக்ஸ்.இசட். நிகழ்ச்சியின்போது டெபியன் அமைப்பினர் பழைய நல்ல பதிப்பையே மீண்டும் வழங்கினர். புதியதை இறக்கிவைத்துப் பழையதை ஏற்றுவதற்காக, அதற்கு '5.6.1+ரியலி5.4.5-1' எனப் பதிப்பெண் இட்டனர். 5.6.1 எனத் தொடங்கும் பதிப்புகளையெல்லாம் தேடுபவர், நல்ல பொதியையும் தீயதென்று தள்ள நேரிடும். வினா துல்லியமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கதவுக்குக் காவல்

எந்தக் கணினியில் எந்தப் பழைய பொதி உள்ளது என்னும் பட்டியல், தீங்கு செய்வோர்க்கும் பயன்படும். ஆதலால் சர்வர் தான் இயங்கும் கணினியின் உள்முகவரியாகிய 127.0.0.1-இல் மட்டும் செவிசாய்க்க வேண்டும். தரவுத்தளம் வாசிப்பதற்கு மட்டுமே திறக்கப்படுதல் வேண்டும். ஆய்வகத்தின் கணினிகள் அனைத்தையும் ஒருங்கே வினவ விரும்புவோர், பாதுகாப்பான இணைப்பின் வழியே அட்டவணைகளின் நகல்களை ஆசிரியரின் கணினிக்குக் கொணர்ந்து, கணினியின் பெயருக்கென ஒரு பத்தியைக் கூட்டிக்கொள்ளலாம்.

இம்முறை பெரிய அளவிலும் கையாளப்படுகிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'ஓஎஸ்குவெரி' என்னும் கருவி, கணினியின் பல்வேறு விவரங்களை அட்டவணைகளாகக் காட்டுகிறது. டெபியன் பொதிகளின் அட்டவணையும் அவற்றுள் ஒன்று. ஃபெடோரா லினக்ஸ், 2020-இல் வெளிவந்த 33-ஆம் பதிப்பு முதல் தன் பொதிப் பேரேட்டையே எஸ்கியூலைட்டில் வைத்துள்ளது.

ஆயினும் பேரேட்டில் ஏறாத பொருளை எந்த வினாவும் காட்டாது. பைத்தான் நூலகங்களாகத் தனியே நிறுவப்பட்டவை, 'ஸ்னாப்' வடிவில் வந்தவை, கையால் நகலெடுத்து வைக்கப்பட்டவை ஆகியன டிபிகேஜியின் கணக்கில் சேர்வதில்லை. அவற்றுக்குத் தனி அட்டவணைகள் அமைத்தல் அவசியம்.

வகுப்பறையில்

தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வழியே எஸ்கியூலைட்டைக் கையாளும் பாடம் இடம்பெற்றுள்ளது. மாணவர் பெயர், மதிப்பெண் என்னும் கற்பனை அட்டவணைகளோடு நின்றுவிடாமல், முன்னே உள்ள கணினியின் பேரேட்டையே மாணவர்கள் அட்டவணையாக்குமாறு ஆசிரியர்கள் பணிக்கலாம். களப்பணியாளர்களும் தம் பொறுப்பிலுள்ள கணினி ஒன்றில் இதனைத் தொடங்கி, விடைகளைக் கணினியின் சொந்தக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே பிறவற்றுக்கு விரிவுபடுத்துதல் நன்று. அடுத்த அபாயச் செய்தி எந்நாள் வரும் என்பதை எவரும் அறியார். அன்றைய வினாவுக்கு விடை தரும் அட்டவணை, அதற்கு முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.