காலை எடுத்தும் வேகம் குறையாத கார்

மின்சாரக் காரைக் கொஞ்ச நாள் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பிரேக் மிதி ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாகவே இழுத்துப் பிடித்ததுபோல் வேகம் குறைகிறது. ரீஜென் என்று சுருக்கமாகச் சொல்லும் வசதி இதுதான். ஆனால் ஒருநாள் காலையில் முழு சார்ஜோடு கிளம்பி, முதல் திருப்பத்தில் வழக்கம்போல் காலை எடுத்தால் வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். பிரேக் போய்விட்டதோ என்று வயிறு கலங்கும். பிரேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாளும் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது பிரேக் இல்லை, பேட்டரியில் இருந்த காலி இடம்.

காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடுகிறது. உருளும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மின்சாரம் பிறந்து பேட்டரிக்குப் போகிறது. மின்சாரம் எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு மோட்டார் சுழல மறுக்கும். வேகத்தைக் குறைப்பது அந்த மறுப்புதான். ஆகவே பேட்டரி எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ அவ்வளவுதான் இழுவையும் கிடைக்கும். நிறைந்த குடத்தில் மேற்கொண்டு தண்ணீர் ஊற்ற முடியாது. பேட்டரி நிரம்பியிருந்தால் வண்டியின் மென்பொருள் ரீஜெனைக் குறைக்கும், சில நேரம் முழுக்கவே நிறுத்திவிடும்.

சமவெளியில் இது சின்னத் திடுக்கிடல்தான். மலையில் அப்படியில்லை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் மேலிருந்து கீழே இறங்கினால், உயரத்தில் மட்டும் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. டயர் உரசலும் காற்றும் மோட்டாரும் தின்றது போக நாலு யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பலாம். 40 யூனிட் பேட்டரி என்றால் பத்தில் ஒரு பங்கு. மேலேயே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்குபவருக்கு அந்த மின்சாரமும் இல்லை, அது தரும் பிடியும் இல்லை. பெட்ரோல் காரில் இரண்டாம் கியரில் போட்டு இறங்குவோமே, அந்த வழியும் பெரும்பாலான மின்சாரக் கார்களில் கிடையாது. மாற்றுவதற்குக் கியரே இல்லை. மொத்தச் சுமையும் பிரேக் பேடுகள் மேல் விழும். கொண்டை ஊசி வளைவுகளில் தொடர்ந்து மிதித்தால் அவை சூடேறிப் பிடி தளரும். மலைமேல் தங்கும் விடுதியில் சார்ஜர் இருக்கிறதே என்று இரவு முழுக்கச் செருகி வைப்பது வீண் ஆசை. 80, 85 சதவீதத்தில் எடுத்துவிட வேண்டும்.

குளிரும் இதே வேலையைச் செய்யும். பேட்டரி குளிர்ந்திருக்கும்போது லித்தியம் அயனிகள் அதன் கிராஃபைட் மின்முனைக்குள் மெதுவாகத்தான் நுழையும். அவசரமாகத் திணித்தால் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதத்தை முழுக்கச் சரிசெய்ய முடியாது. அதனால் பேட்டரி சூடாகும்வரை மென்பொருள் ரீஜெனை அடக்கி வைக்கிறது.

ரீஜென் கைவிடும் இன்னொரு வகை, குண்டும் குழியுமான சாலையில் வருவது. ரீஜென் மோட்டாரோடு இணைந்த சக்கரங்களில் மட்டுமே வேலை செய்யும். அந்தச் சக்கரம் பள்ளத்திலோ ஈரத்திலோ ஒரு கணம் வழுக்கினால், மென்பொருள் ரீஜெனை விடுவித்து, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்கிடமும் ஏபிஎஸ்ஸிடமும் பொறுப்பை ஒப்படைக்கும். கைமாறும் அந்த நொடிப்பொழுதில், மிதித்துக்கொண்டிருக்கும்போதே பிடி நழுவுவதுபோல் காலுக்குத் தெரியும். இதை ஓட்டுநரின் பிரமை என்று ஒதுக்க முடியாது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் உள்ளிட்ட சுமார் 4.37 லட்சம் ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றியது இந்தப் புகாருக்காகத்தான்.

ரீஜென் தாராளமாகக் கிடைப்பதிலும் சிக்கல் உண்டு. 2023 மே மாதம் சீனாவில் டெஸ்லாவின் 11 லட்சம் கார்களுக்கு மென்பொருள் மாற்றம் செய்ய வேண்டி வந்தது. ரீஜென் அளவை ஓட்டுநர் தேர்ந்தெடுக்க வழியில்லை, ஆக்சிலரேட்டரை நெடுநேரம் அழுத்தினால் போதிய எச்சரிக்கையும் இல்லை; இரண்டும் சேர்ந்தால் தவறான மிதியை அழுத்தும் வாய்ப்பு கூடும் என்றது அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பிரேக்குக்குப் போகும் பழக்கமே விட்டுப்போன கால், பதற்றத்தில் எங்கே போகும்?

பின்னால் வருபவரையும் மறக்கக் கூடாது. ஐ.நா. வாகன விதிகளின்படி, ரீஜெனால் வேகம் குறையும் வீதம் வினாடிக்கு வினாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும். எல்லா நாடுகளும் இந்த விதியின் கீழ் வருவதில்லை. கால் மிதியில் லேசாகப் பட்டுக்கொண்டிருந்தால் விளக்கே எரியாமல் நன்றாக வேகம் குறைந்த கார்களும் அமெரிக்கச் சந்தையில் இருந்தன.

ரீஜென் குறையும்போது அந்த அளவுக்குச் சாதாரணப் பிரேக்கைத் தானே அழுத்தி, காலுக்கு வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு சில கார்களில் இருக்கிறது. இதைத் திரையின் ஏதோ ஒரு மூலையில் விருப்பத் தேர்வாக ஒளித்து வைக்காமல், எல்லா வண்டியிலும் ஆலையிலேயே இயக்கித் தர வேண்டும் என்பேன். அதுவரை, கிளம்பும்போது ரீஜென் எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்பது ஓட்டுபவர் பொறுப்பு. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் அளவை மாற்றிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

ஒன்று விட்டுப்போனது. அதிகம் மிதிக்காத பிரேக் துருப்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 காரின் பின்சக்கரங்களுக்கு டிஸ்க்கை விட்டுவிட்டுப் பழைய பாணி டிரம் பிரேக் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்க் உள்ள வண்டி மழைக்குப் பிறகு கரகரவென்று சத்தம் போட்டால், பின்னால் யாரும் வராத இடத்தில் ரீஜெனைப் பூஜ்ஜியத்தில் வைத்து நாலைந்து முறை அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் போதும்.