தாத்தாவுக்குச் சிவப்பு மஞ்சள், பேரனுக்குச் சிவப்பு நீலம்

தோழர்களே! சம்பளம், வேலை நாள் என்றே எழுதுகிறவன் இந்த வாரம் பந்தைப் பிடித்துக்கொண்டானே என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுச் சண்டை அப்படி!

என் அப்பா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவருக்குக் காற்பந்து என்றால் சிலாங்கூர்தான். உடம்பில் ஒட்டுப்பால் நாற்றம் போகுமுன்னே லாரி ஏறி மெர்டேக்கா அரங்கத்துக்குப் போய் ஆட்டம் பார்த்தவர். கோல் காக்க நம்ம ஆறுமுகம், ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்ட ஆள். முன்னணியில் மொக்தார் டஹாரி. 1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தபோது அப்பா அன்று சோறு தொடவில்லை. 1991இல் மொக்தாரும் போனார். அப்பா மட்டும் குழுவை விடவில்லை. 2015இல் 33ஆவது தடவை மலேசியக் கிண்ணம் வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

நான்? உண்மையைச் சொல்கிறேன், ஓடிப்போனவன். 1994இல் ஆட்டத்தை விலைபேசிய ஊழல் வெடித்தது; ஆட்டக்காரர்கள் பலர் தடை செய்யப்பட்டார்கள். பள்ளிப் பையன் எனக்கு மனசு விட்டுப்போச்சு. தொலைக்காட்சியில் வந்த மென்செஸ்டர் யுனைடெட் பக்கம் சாய்ந்தேன். “நாலு பேரு காசு வாங்குனா குழுவே கெட்டதாடா?” என்றார் அப்பா. பதில் வரவில்லை. (யாரோ செய்த தப்புக்குச் சங்கச் சந்தாவை நிறுத்துகிறவர்களிடம் இன்று அதே கேள்வியை நான் கேட்கிறேன்!)

என் மகனோ ஜொகூர் டாருல் தக்சிம் கட்சி. ஜொகூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனதோடு சரி. 2014 முதல் 2025 வரை லீக் பட்டத்தை அந்தக் குழு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை; அது போதும் அவனுக்கு.

“ஜெயிக்கிற பக்கம் போறவன்டா நீ. பொறந்த மண்ணுக்கு விசுவாசம் வேணாமா?” என்று தாத்தா சீறினார்.

“எந்த மண்ணு தாத்தா? நீங்க ஆடுன தெடல்ல இப்ப வீடு நிக்குது. நாம அடுக்குமாடியில கெடக்குறோம். எனக்கு எது ஊரு?”

அப்பா வாயடைத்துப்போனார். நானும்தான். ஞாயிறானால் தோட்டத்துக்குத் தோட்டம் மோதிய அந்தத் திடலில்தானே அவருக்குச் சிலாங்கூர் பாசம் முளைத்தது! தோட்டத்தைத் துண்டுபோட்டபோது நஷ்ட ஈடு கேட்டோம், வீடு கேட்டோம். திடலை யாரும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் நானும் இருந்தேன்.

பிறகொரு நாள் இரண்டு குழுவும் மோதிய ஆட்டம். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தோம். ஜொகூர் கோல் அடித்ததும் துள்ளி எழுந்த பையன், தாத்தா முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தான்.

“ஏன்டா உக்காந்துட்ட? ஒன் குழுதானே, கத்து!” என்றார் அப்பா.