கோவிற் படிகளே அரங்கம்

தேவாலயத்தில் ஒரு நாடகக் குழு தொடங்க வேண்டுமென்று வாலிபர்கள் நம்மிடம் யோசனை கேட்க வந்தால், முதற் பேச்சே திரைச்சீலையையும் விளக்குகளையும் பற்றித்தான். அவர்களுக்கு நாம் காண்டர்பரி கதையைச் சொல்வது வழக்கம்.

மத்திய காலத்தில் ஐரோப்பியத் தேவாலயங்களில் நடந்துவந்த நாடகம், பின்னர் பல நூற்றாண்டுகள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. கோவிலுக்குள் வேஷம் கட்டுவதா என்ற கூச்சம் எளிதிற் போகக்கூடியதன்று. 1928-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே பண்டிகையின்போது, இங்கிலாந்தில் காண்டர்பரிப் பேராலயத்தின் நிர்வாகக் குருவாயிருந்த ஜார்ஜ் பெல், ஆலயத்துக்குள்ளேயே நாடகம் நடத்தத் துணிந்தார். ஜான் மேஸ்பீல்டு 'கிறிஸ்துவின் வருகை'யை எழுதினார். குஸ்தாவ் ஹோல்ஸ்ட் இசையமைத்து, பாடுவதற்குத் தம் மாணவ மாணவியரையே அழைத்து வந்தார். அரங்கம்? நடுக்கூடத்திலிருந்து பாடகர் மண்டபத்துக்கு ஏறும் கற்படிகளே!

அன்று திறந்த கதவு மூடவில்லை. 1170-இல் அப்பேராலயத்தில் வெட்டுண்டு மாண்ட தாமஸ் பெக்கட்டைப் பற்றி டி. எஸ். எலியட் எழுதிய நாடகம், 1935-இல் ஆலயத்தை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. கொலை நடந்த இடம் அங்கிருந்து சற்றே தூரம்.

நம் பள்ளி விழாக்களில் ராஜா வேஷக்காரர் ஒத்திகைக்கு வருவதில்லை. மேடைக்கு மட்டும் வருவார். சம்பளமில்லாத குழுவுக்கு வறுமையைவிட அவரால் வரும் கஷ்டமே அதிகம். ஆகவே, வாரந்தோறும் தவறாமல் வரக்கூடியவர் யார் என்று கேட்டோம். வந்திருந்த பதினொருவரில் நால்வர் கை தூக்கினர். மேய்ப்பர் மூவர், தேவதூதர் ஒருவர் என ஒத்திகை தொடங்கிவிட்டோம். பலிபீடப் படிகளில் நடிக்கக் குருவானவர் இன்னும் சம்மதம் தரவில்லை.