பரியின் மெய்க்கீர்த்தி

கொட்டியாரப் பற்றிலே மாடு வளர்ப்போர் பொலிகாளை தெரிந்தெடுக்கும் முறையொன்று உண்டு. கொம்பின் அழகையும் திமிலின் உயரத்தையும் கண்டு வியந்து நிற்பவர் புதியவர். அநுபவம் முதிர்ந்த பட்டிக்காரரோ, காளையைச் சற்றே நோக்கிவிட்டு, "இதன் கன்றுகள் எங்கே நிற்கின்றன?" என்று கேட்பார். கன்றுகளைக் கண்ட பின்னரே விலை பேசுவார். கிளிவெட்டியிலே சிறுவயதில் நான் கேட்ட இவ்வினா, ஐம்பது வயது கடந்தபின், பந்தயக் குதிரை பற்றிய ஒரு காரியத்திலே எனக்குத் துணைசெய்யும் என்று நான் எண்ணியதில்லை.

இந்தியாவிலே குதிரைப் பண்ணையொன்றில் கணக்கெழுதும் என் பழைய மாணாக்கர் ஒருவர் அண்மையில் எனக்குக் கடிதம் விடுத்தார். அதனோடு வண்ணப்படங்கள் நிறைந்த ஏடொன்றும் வந்தது. பந்தயக் குதிரை உடைமையாளர் தம் பெண்குதிரைகளை எந்தப் பொலிகுதிரையோடு சேர்க்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காகப் பண்ணையார் ஆண்டுதோறும் வெளியிடும் ஏடு அது. "ஐயா, எங்கள் பண்ணைக்குப் புதிய பொலிகுதிரை ஒன்று வந்திருக்கின்றது. சென்னையிலுள்ள தமிழ் உடைமையாளருக்கு அனுப்புவதற்கு, அதன் சிறப்பை நல்ல தமிழில் ஒரு பக்க அளவில் எழுதித் தரல்வேண்டும்" என்பது அவர் விண்ணப்பம்.

குதிரை ஏறியறியாத எனக்கு இது நகைப்பையே தந்தது. ஆயினும், ஏட்டைப் புரட்டப் புரட்ட நகைப்பு நின்றது. அதன் ஒவ்வொரு பக்கமும் எனக்கு நன்கு பழக்கமான ஓர் இலக்கிய வகையாகவே தோன்றிற்று. அது மெய்க்கீர்த்தி.

முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழவேந்தர் தம் கல்வெட்டுக்களின் முகப்பிலே பொறித்துவந்த புகழுரையையே மெய்க்கீர்த்தி என்கின்றோம். வென்ற நாடுகள் அதில் வரிசையாக வரும். தோற்ற களம் ஒன்றேனும் வாராது. குதிரை ஏடும் அவ்வாறே. தந்தை இன்னார், பாட்டன் இன்னார், தாய்வழி இன்னது, வென்ற பந்தயங்கள் இவை, ஈட்டிய பரிசு இவ்வளவு என்று அது விரிந்து செல்கின்றது. பெயர்பெற்ற பந்தயங்களில் வென்ற உறவினரின் பெயர்கள் தடித்த கரிய எழுத்தில் அச்சாகின்றன. வெல்லாத உடன்பிறப்புக்கள் சிற்றெழுத்தில் ஒதுங்குகின்றன. சில பெயர்கள் அடியோடு மறைகின்றன. சொல்லியவை பொய்யல்ல. ஆனால், சொல்லாது விட்டவற்றை யார் சொல்வது?

வணிகன் வாய்மொழி

குதிரையை வணிகன் வாய்மொழி கேட்டு வாங்குதல் தமிழருக்குப் புதிதன்று. கடல்வழியாகக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுதானும் எஞ்சா என்றும் எழுதுகின்றார். குதிரைகளைப் பேணும் முறை இங்கே அறியப்படவில்லை. குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வாராதவாறு வணிகரே தடுத்தனர். குதிரைகள் மாளுவதே வணிகருக்கு ஊதியம் என்பதும் அவர் கூற்று. சிறந்த ஆண்குதிரையைச் சிறந்த பெண்குதிரையோடு சேர்த்தாலும் இந்நாட்டிலே கால்கோணிய குட்டியே பிறந்தது என்றும் அவர் குறிக்கின்றார்.

திருவிளையாடற் புராணத்தை ஓதியவர்க்கு இதனினும் பெரிய சான்று நினைவுக்கு வரும். குதிரை வாங்க வாதவூரர் கொண்டுசென்ற பொன் திருப்பெருந்துறையிலே கோயிற்றிருப்பணிக்குச் செலவாயிற்று. அடியவரைக் காக்க இறைவனே குதிரை வணிகனாய் மதுரைக்கு வந்தான். பரிகளின் குலமும் குணமும் இலக்கணமும் எடுத்துரைத்தான். பாண்டியன் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டான். அன்றிரவே பரிகள் நரிகளாயின. இறைவன் செய்தது திருவிளையாடல். அக்கதையைக் கேட்டுவந்த நம் முன்னோர், அழகிய சொல்லைக் கேட்டவுடன் பொற்கிழியை அவிழ்த்தல் ஆகாது என்ற உலகியற் பாடத்தையும் அதனுள்ளே கண்டிருப்பர்.

இன்று நிலைமை மாறிவிட்டது. 1777ஆம் ஆண்டு முதலே குதிரைப் பந்தயம் கண்ட கிண்டியை உடைய இந்தியாவில், உயர்குலப் பந்தயக் குதிரைகள் உள்நாட்டிலேயே வளர்க்கப்பெறுகின்றன. 1946இல் புனேயிலே தொடங்கப்பெற்ற பூனாவாலா பண்ணை அதற்கு ஒரு சான்று. கால்கோணிய குட்டியே பிறக்கும் என்ற பழிச்சொல் பேணும் அறிவினால் நீங்கிற்று. ஆயினும், வணிகன் வாய்மொழி மட்டும் நீங்கவில்லை.

மூன்று முதல்வர்

'தரோபிரெட்' எனப்படும் இப்பந்தயக் குதிரைக் குலத்தின் ஆண்வழி மூன்று முதல்வர்களிடம் சென்று முடிகின்றது. பயர்லி டேர்க், டார்லி அரேபியன், கொடொல்பின் அரேபியன் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் டார்லி அரேபியன் 1704இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்றுள்ள பந்தயக் குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை அதன் ஆண்வழியினவே. 1764இல் பிறந்து, ஓடிய பந்தயம் எதிலும் தோலாத எக்லிப்ஸ் என்னும் குதிரை வாயிலாகவே அவ்வழி தழைத்தது. குலமுறைப் பதிவேடு 1791 முதல் இங்கிலாந்திலே அச்சாகி வருகின்றது.

மாட்டுப் பண்ணைகளிலே வழங்கும் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் இக்குலத்துக்கு விலக்கு. ஆணும் பெண்ணும் நேரிற் சேர்ந்து பிறந்த குட்டியே பதிவேட்டில் ஏறும். ஆதலால், பெண்குதிரையைப் பொலிகுதிரை நிற்கும் பண்ணைக்கே கொண்டுசெல்லல் வேண்டும். கட்டணம், பயணம், தீனி, மருத்துவம் யாவும் உடைமையாளர் தலைமேலன. சினைக்காலம் பதினொரு திங்கள். குட்டி உயிருடன் பிறந்து, எழுந்து நின்று, தாய்ப்பால் உண்டால் மட்டுமே கட்டணம் என்று உறுதிகூறும் பண்ணைகள் பல உள. அஃது நல்ல வழக்கமே. ஆனால், எழுந்து நின்ற குட்டி ஓடுமா என்பதற்கு உறுதி கூறுவார் ஒருவருமிலர்.

சான்றில்லாத பருவங்கள்

இங்கேதான் உடைமையாளர் கூர்ந்து நோக்கவேண்டிய கணக்கு ஒன்று இருக்கின்றது. ஒரு பொலிகுதிரை இவ்வாண்டு பண்ணைக்கு வருகின்றது என்று கொள்வோம். அதன் முதற்குட்டிகள் அடுத்த ஆண்டில் பிறக்கும். அவை ஓடுகளத்தில் இறங்குவதற்கு இரண்டு வயதேனும் நிரம்பவேண்டும். அப்பொழுது நான்காம் ஆண்டு வந்துவிடும். எனவே முதல் மூன்று பருவங்களிலும் பண்ணையார் விற்பது சான்றையன்று, எதிர்பார்ப்பையே. விளம்பரம் மிக உரத்து ஒலிப்பதும் அந்த மூன்று பருவங்களிலேதான். கன்றுகளைக் காட்ட இயலாத காலத்திலேயே காளையின் கொம்பழகு பெரிதாகப் பேசப்படுகின்றது.

அவ்வெதிர்பார்ப்பு எத்துணைத் தூரம் பிழைக்கும் என்பதற்குச் சான்றுகள் பல. 2006இல் அமெரிக்காவில் கிறீன் மங்கி என்னும் இளங்குதிரை 160 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அது ஓடிய பந்தயங்கள் மூன்று, வென்றது ஒன்றுமில்லை. சிகார் என்னும் குதிரையோ தொடர்ந்து 16 வெற்றிகளை ஈட்டியது. ஓய்வுபெற்றுப் பண்ணைக்கு வந்தபின் அதனாற் சினைப்பட்ட பெண்குதிரை ஒன்றுமில்லை. வென்றவன் தந்தையாவான் என்பதும் உறுதியன்று.

மறுபுறமும் காண்க. 1961இல் கனடாவிற் பிறந்த நோர்தேர்ண் டான்சர் உருவிற் சிறியது. ஒரு வயதில் 25,000 டொலருக்கு விலை கூறப்பட்டபோது கொள்வார் எவருமிலர். அதுவே 1964இல் கென்டக்கி டேர்பியை வென்று, பின்னர் அந்நூற்றாண்டின் தலைசிறந்த பொலிகுதிரைகளுள் ஒன்றாயிற்று. அதன் மகனாகிய ரசீன், 1990ஆம் ஆண்டு இங்கிலாந்து டேர்பியில் யாவரும் வெல்லும் என்று நம்பிய குதிரை, வெல்லாது பின்தங்கியது. அந்தத் தோல்வியாளனே இந்தியாவின் உஷா பண்ணைக்கு வந்து, இந்தியப் பந்தயக்களங்களில் வெற்றிக்குதிரைகள் பலவற்றின் தந்தையாகப் பெரும்புகழ் எய்தினான். இங்கிலாந்திலே சிற்றெழுத்தில் ஒதுங்கிய பெயர் இந்தியாவிலே தடித்த எழுத்தாயிற்று. அதனை எழுதியவர் விளம்பரக்காரர் அல்லர். அதன் மக்களே எழுதினர்.

கேட்கவேண்டிய வினாக்கள்

ஆதலின், உடைமையாளர் கேட்கவேண்டியவை சிலவே. இப்பொலிகுதிரையோடு சேர்ந்த பெண்குதிரைகள் எத்தனை? சினைப்பட்டவை எத்தனை? பிறந்த குட்டிகள் எத்தனை? ஓடியவை எத்தனை? வென்றவை எத்தனை? நூறு குட்டிகளுள் பத்து வென்றதும், இருபதினுள் பத்து வென்றதும் ஒன்றாகா. ஒரே குட்டி ஈட்டிய பெரும்பரிசு தந்தையின் மொத்தக் கணக்கைப் பெருக்கிக் காட்டும். நடுத்தரக் குட்டியின் நிலை யாதென்று பார்த்தலே முறை. சிறந்த தாய்களையே பெற்ற பொலிகுதிரைக்குச் சிறந்த மக்கள் பிறத்தல் வியப்பன்று. தந்தை தருவது பாதி. மற்றைப் பாதி தாயினுடையது.

இன்னொரு வினாவும் உண்டு. முற்காலத்தில் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ நாற்பது பெண்குதிரைகளோடு சேர்க்கப்பட்ட பொலிகுதிரை, இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றோடு சேர்க்கப்படுதலும் உண்டு. புகழ்பெற்ற சிலவற்றின் குருதியே எங்கும் பரவினால், நெருங்கிய உறவினுள்ளேயே மணம் நிகழும், குலம் நலியும். இதனை அஞ்சியே அமெரிக்கப் பதிவுச் சங்கம் 2020இல் ஆண்டுக்கு 140 என்று வரம்பு விதித்தது. பண்ணையாரின் எதிர்ப்புக்கிடையே 2022இல் அவ்விதி மீளப் பெறப்பட்டது. விளம்பரம் வெல்லுமிடத்து இழப்பவர் உடைமையாளர் மட்டுமல்லர். குதிரைக் குலமும் இழக்கின்றது. ஓடமாட்டாத குட்டியை நெடுநாள் பேண விரும்புவார் சிலரே என்பதையும் மறத்தல் ஆகாது.

நெடுந்தீவின் பரிகள்

புகழுரை எழுதப்பெறாத குதிரைகளும் நம் நாட்டில் உள. 1875இல் அமைந்த நுவரெலியாக் களத்திலே சித்திரை வசந்த காலத்தில் ஓடும் பந்தயக் குதிரைகளை யான் குறிக்கவில்லை. நெடுந்தீவிலே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தனர். பின்னர் ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். அவர்கள் கட்டிய லாயங்களின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்த்தவர் போயினர், குதிரைகள் எஞ்சின. எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அவற்றின் வழித்தோன்றல்கள், உவர்காற்றையும் கோடையின் நீர்வறட்சியையும் தாங்கித் திறந்த வெளியிலே திரிகின்றன. வறட்சி மிகும் ஆண்டுகளில் அவை மாளுதலும் உண்டு. அவற்றின் குலச்சிறப்பைப் பாட ஒருவருமிலர். நீரூற்றுவார் இருந்தாற் போதும்.

இவற்றையெல்லாம் எண்ணி முடித்தபின் மாணாக்கரின் பக்கத்தை எழுதினேன். நிறத்தையும் நடையையும் தாய்தந்தை பெருமையையும் என்னால் இயன்ற அளவு அழகாகவே எழுதினேன். மறைத்தல் வேண்டாத சிறப்பை மறைப்பானேன்? அதன் கீழே ஐந்து கட்டங்கள் வரைந்து, சேர்ந்தவை, சினைப்பட்டவை, பிறந்தவை, ஓடியவை, வென்றவை என்று தலைப்பிட்டேன். முதல் ஆண்டாதலின் ஐந்தும் வெறுமையாகவே இருந்தன. "இதன் மக்கள் இன்னும் ஓடவில்லை, ஆதலாற் கட்டணம் குறைவாக வைத்துள்ளோம், ஆண்டுதோறும் இக்கட்டங்களை நிரப்பி உங்களுக்கு அனுப்புவோம்" என்ற வாக்கியத்தையும் சேர்த்தேன்.

மாணாக்கரிடமிருந்து மறுமொழி வந்தது. மேற்பகுதி பண்ணையாருக்கு மிகவும் பிடித்ததாம். கீழ்ப்பகுதியைப் பற்றி அவர் யோசிக்கின்றாராம். யோசிக்கட்டும். சென்னையிலே ஒரு தமிழ் உடைமையாளர், வண்ண ஏட்டை மூடி வைத்துவிட்டு, "இதன் குட்டிகள் எங்கே நிற்கின்றன?" என்று கேட்பாராயின், அக்கட்டங்கள் தாமே அச்சேறிவிடும்.