லயத்துக்கு வரும் மழைச் செய்தி: எதை நம்புவது, எப்போது வெளியேறுவது?

2025 நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கியபோது மலையகத்தில் உயிர்களைக் குடித்தது காற்றல்ல, மண். நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் மூடின. அந்த நாட்களில் கைபேசியில் அதிகாரபூர்வ எச்சரிக்கையும், அணை உடைந்துவிட்டது என்பது போன்ற வதந்தியும், செயற்கை நுண்ணறிவில் செய்த வெள்ளக் காட்சியும் அடுத்தடுத்து வந்து விழுந்தன. அவற்றில் எதை நம்பி எழுந்து ஓடுவது என்பதுதான் இன்று தோட்ட மக்களின் முன்னுள்ள கேள்வி.

மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது?

காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் கூடினால், அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். கடல் சூடானால் ஆவியும் கூடும். அதனால் ஒரு வாரம் பெய்யவேண்டிய மழை ஒரே இரவில் கொட்டுவதற்கான வாய்ப்பு அதிகரிக்கிறது. இடையில் வெயில் காலமும் நீள்கிறது. வெயில் நீண்டால் கொழுந்து குறையும். கொட்டும் மழையில் மலைக்குப் போக முடியாது. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிநாள் சம்பளம்தான். காலநிலை மாற்றம் தோட்டத் தொழிலாளியை முதலில் தொடும் இடம் சம்பளம்.

ஆனால் ஒவ்வொரு மண்சரிவையும் காலநிலையின் தலையில் கட்டிவிட முடியாது. தூர்ந்துபோன கான்கள், வீதிக்காக வெட்டிய சரிவுகள், ஆபத்தான இடத்தில் நிற்கும் பழைய லயங்கள் (தோட்ட வரிசை வீடுகள்) எல்லாம் மனிதர் செய்த வினை. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. சேதி இருந்தது, குடியேற வேறு காணியும் வீடும் கைக்கு வரவில்லை.

தமிழில் கிடைப்பது என்ன?

யூடியூபில் தமிழில் வானிலை தேடினால் சென்னையைப் பற்றிய காணொளிகளே குவிகின்றன. அவை ஹட்டனுக்குப் பொருந்தாது. ஹட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கம் பெருமழை தருவது மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்று. சென்னைக்கோ வடகிழக்குப் பருவக்காற்று. இலங்கைக்கென்று தமிழில் தொடர்ந்து விளக்கம் தருபவர்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா குறிப்பிடத்தக்கவர். அவரைப் போன்ற தனி மனிதர்களின் பேஸ்புக் பதிவை ஊரே எதிர்பார்த்திருப்பது அவர்களுக்குப் பெருமை, அரசுக்கு அல்ல. தமிழ் அரசகரும மொழியாகி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், டித்வா நேரத்தில் அரச எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அதில் மூன்று நிலைகள் உண்டு. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது பொதுவான அளவு. ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும்.

எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும். மக்கள் அறிந்ததோ தோட்டத்தின் பெயரும் டிவிசன் பெயரும். ஆகவே உங்கள் தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழையை அளக்கக் கருவிக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கம் நேராக உள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வையுங்கள். அதில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குல உயரம் தண்ணீர் நின்றால் அதுவே மழையின் அளவு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரமும் மின்கம்பமும், திடீரெனத் தோன்றிய ஊற்று, கலங்கி வரும் ஓடை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கைபேசிச் செய்திக்காகக் காத்திருக்காமல் இறங்குங்கள்.

வட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புமுன் மூன்றைப் பாருங்கள்: எந்தத் திகதி, எந்த இடம், வெளியிட்டது யார். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அனுப்பாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-ஐ அழைத்துக் கேளுங்கள். அரசும் தோட்ட நிர்வாகங்களும் செய்யவேண்டியது இரண்டு: எச்சரிக்கையைச் சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் தருவது, வெளியேறு என்று சொல்லுமுன் எங்கே போவது என்பதற்கு இடம் காட்டுவது.