இறக்கத்தில் ஒரு லாரி – 6: தகட்டில் ஒரு துளை

கால் பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்கினால் டிரம் கொதித்து லைனிங் பிடிப்பை இழக்கும், எக்ஸாஸ்ட் பிரேக் அந்தச் சூட்டைக் குறைக்கும். போன வாரக் கதை இவ்வளவுதான். இந்த வாரம் காற்றுக் குழாய்களையும் சுவிட்சையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இங்கிலாந்தின் பழைய குதிரை லாரிகளைப் பற்றிப் படிக்கப்போய், ஒரு சின்னத் துளையை விட்டு நகர முடியவில்லை.

அந்த நாட்டில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் அதை வைத்தே 7.5 டன் லாரி வரை ஓட்டலாம். அதனால் சரக்கு சுமந்து ஓய்ந்த 7.5 டன் லாரிகள் பல, குதிரைக் கூண்டு கட்டி மறுவாழ்வு பெறுகின்றன. குதிரையை வண்டியில் ஏற்றுவது அங்கே புகழ்பெற்றதே ஒரு பந்தயத் தந்திரத்தால்தான். அந்தக் காலத்தில் பந்தயக் குதிரைகள் நடந்தே ஊர் ஊராகப் போகும். 1836-இல் செயின்ட் லெஜர் பந்தயம் நெருங்கிய பிறகும் எலிஸ் என்ற குதிரை தெற்கே குட்வுட்டில் நின்றது. பந்தயம் நடக்கும் டான்காஸ்டருக்கு இனி எங்கே வந்து சேரப்போகிறது என்று பந்தயம் கட்டுபவர்கள் கணக்குப் போட்டார்கள். எலிஸின் தரப்பில் இருந்த ஜார்ஜ் பென்டிங்க் பிரபு அதை ஆறு குதிரை பூட்டிய மூடுவண்டியில் ஏற்றி அனுப்பினார். எலிஸ் ஜெயித்தது.

இனி துளை. பழைய லாரியில் எக்ஸாஸ்ட் பிரேக் போட டிரைவர் தரைப் பொத்தானைக் குதிகாலால் மிதித்தால், காற்று சிலிண்டர் ஒன்று புகைக்குழாய்க்குள் இருக்கும் வட்டத் தகட்டைத் திருப்பி வழியை அடைக்கும். டீசலும் நிற்கும். வண்டியின் ஓட்டம் இன்ஜினைச் சுழற்றும்போது, பிஸ்டன் வெளியே தள்ளும் காற்றுக்குப் போக இடமிருக்காது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு அடித்தவர்களுக்கு அந்த எதிர்ப்பு தெரியும்.

அப்படியானால் சுத்தமாக அடைத்துவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே? பிடிக்கும்தான், இன்ஜின் தாங்காது. எக்ஸாஸ்ட் வால்வை மூடிவைத்திருப்பது ஒரு ஸ்பிரிங். அடைபட்ட காற்று வால்வின் முதுகில் முட்டி, ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சினால், மூடியிருக்க வேண்டிய நேரத்தில் வால்வு திறந்துகொள்ளும். மேலே வரும் பிஸ்டன் அதில் இடிக்கவும் கூடும். அதனால்தான் தகட்டில் ஒரு துளை போடுகிறார்கள், அல்லது விளிம்பில் இடைவெளி விடுகிறார்கள். ஸ்பிரிங் தாங்கும் அளவைத் தாண்டாமல் அழுத்தம் அதன் வழியே கசிந்துபோகும். துளையின் அளவு அந்தந்த இன்ஜினுக்கென்றே கணக்கிட்டது. பிடிப்பு போதவில்லை என்று துளையை வெல்டு வைத்து அடைப்பதும், வேறு லாரியின் தகட்டை மாட்டுவதும் இன்ஜினுக்கு உலை வைக்கும் வேலை. கரி படிந்து துளை தானாக அடைபட்டாலும் அதே ஆபத்துதான்.

குதிரைக்கு இந்த பிரேக் பெரிய உபகாரம். அரை டன் எடையுள்ள பிராணி, அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்கி, வழி முழுக்க நின்றபடியே வருகிறது. கால் பிரேக்கைச் சட்டென்று மிதித்தால் தடுமாறும். எக்ஸாஸ்ட் பிரேக் வண்டியை நிதானமாக இழுத்துப் பிடிக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பிடிப்பு இன்னும் கூடும். மழையில் வழுக்கும் சாலையில் மட்டும் வேண்டாம். அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால் பின்பக்கம் சறுக்கும்.

இந்த லாரிகளின் எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஓய்வுதான். குளிர்காலம் முழுக்க நின்றபடி கிடந்தால், கரியும் துருவும் சேர்ந்து தகட்டின் அச்சை இறுக்கிவிடும். திறந்தபடி இறுகினால் பிரேக் இல்லை. பாதி மூடியபடி இறுகினால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது, கரும்புகை கக்கும், டீசலைக் குடிக்கும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, குழாய் ஆறிய பிறகு, அச்சின் இரு முனையிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். பிறகு வெளியே தெரியும் லீவரைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். சுத்தியல் கூடாது, அச்சு வளைந்துவிடும். சாதாரண கிரீஸும் கூடாது. சூட்டில் கருகி அதுவே கரியாகும்.

காற்றுக் குழாயும் சுவிட்சும் அடுத்த வாரம். அதற்குள், எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சமதளத்தில் ஓட்டினாலும் தினம் நாலு தடவை அந்தப் பொத்தானை மிதித்துவிடுங்கள்.