வெள்ளோட்டுப் பறவைச் சரணாலயமும் அதன் அபிவிருத்தியும்

ஈரோடு ஜில்லாவில், சென்னிமலை செல்லும் மார்க்கத்தில் உள்ள வெள்ளோட்டுப் பெரியகுளம் சுமார் 190 ஏக்கர் பரப்புடையது. கூழைக்கடா, நாரை, கொக்கு முதலிய பட்சிகள் கூடும் இக்குளம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சுற்றியுள்ள கிராமத்தார் பட்சிகளை உத்தேசித்துப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே.

இத்தகைய சரணாலயத்தை அபிவிருத்தி செய்ய முற்படுவோர் முதலில் கட்டடங்களைப் பற்றியே எண்ணுவதுண்டு. அது முறையன்று. நீரின்றேல் பட்சியில்லை, பட்சியின்றேல் காண வருவோருமில்லை. காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடையிலுள்ள கொடுமுடிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு, மேலே நீர் தடைப்பட்டால் கீழே பயிர் வாடும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குளத்துக்கும் அதே நியாயந்தான். ஆகவே வேலைகளைக் கீழ்க்கண்ட கிரமத்தில் செய்தல் நலம்.

1. நீர்வரத்து: மழைக்கு முன்னரே வரத்து வாய்க்கால்களை அளந்து, ஆக்கிரமிப்பையும் அடைப்பையும் நீக்க வேண்டும். சாக்கடை நீரும் சாயநீரும் கலக்க விடலாகாது.

2. தூர் எடுத்தல்: பட்சிகள் இல்லாத கோடையில், வனத்துறையின் அனுமதியுடன் செய்யத்தக்கது. குளம் முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டலாகாது. கூழைக்கடாவுக்கு ஆழநீர் வேண்டும்; உள்ளான் முதலியவற்றுக்குக் கணுக்காலளவு நீரும் சேறுமே வேண்டும். எனவே கரையோரம் சரிவாக இருத்தல் அவசியம்.

3. மரங்கள்: எடுத்த மண்ணைக் குளத்தினுள் திட்டுகளாகக் குவித்து, நாட்டுக் கருவேல் நடலாம். நீரில் நின்று தாங்கும் இம்மரத்தில் பட்சிகள் கூடு கட்டும். சீமைக் கருவேலை அகற்றும்போது, கூடுள்ளவற்றை விட்டுவைத்துப் புதிய மரங்கள் வளர்ந்தபின் படிப்படியாக நீக்குக.

4. பார்வையாளர்: நடைபாதை ஒரு கரையோடு நிற்கட்டும். மற்றக் கரைகளில் மனித நடமாட்டம் கூடாது. இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் விலக்கத்தக்கன.

இவற்றினும் கடினமானது, மழை குறைந்த ஆண்டில் எஞ்சிய நீர் வயலுக்கா, பட்சிக்கா என்னும் வழக்கு. பாசனக் குளங்கள் சரணாலயமாகும் இடங்களில், குளத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் நிறுத்துவது என்பதை ஆயக்கட்டுதாரரும் அதிகாரிகளும் நீர் நிறைந்திருக்கும்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். வற்றியபின் பேசினால் மனஸ்தாபமே மிஞ்சும்.

குடியானவர்களுக்கும் இதில் லாபமுண்டு. செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கலில், பட்சிகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட கிராமத்தார், பட்சிகளைச் சுடலாகாதென்று 1798-இலேயே கலெக்டரிடம் உத்தரவு பெற்றனர். உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளிகளைத் தின்று பயிரைக் காக்கிறது. பதிலுக்கு, குளத்துக்கு மேலுள்ள நிலங்களில் பூச்சிமருந்தை அளவோடு தெளித்து, வடிநீரில் நஞ்சு சேராமற் காப்பது குடியானவர் கடமை.

நீர், மரம், அமைதி இம்மூன்றும் நிலைபெற்ற பின்னரே கட்டடம் எழும்பலாம்.